பாட்டுப் புத்தகமும் போலீஸ் அறிக்கையும்

இருபதாம் நூற்றாண்டுத் தமிழ்நாட்டின் சரித்திரத்தை எழுதப் புகுகிற ஒருவர், சட்டசபை நடவடிக்கைகளையும் கட்சிகளின் தீர்மானங்களையும் தலைவர்களின் கடிதங்களையும் எவ்வளவுதான் நுணுகிப் படித்திருந்தாலும், பகலெல்லாம் வயலிலும் ஆலையிலும் உழைத்துவிட்டு மாலையில் தரை டிக்கெட் வாங்கி டூரிங் கொட்டகையின் மணலில் உட்கார்ந்த லட்சோப லட்சம் ஜனங்கள் அங்கே எதைக் கண்டார்கள், எதைக் கேட்டார்கள், யாரைத் தங்கள் நெஞ்சில் ஏற்றி வைத்துக்கொண்டார்கள் என்பதை விசாரிக்காமல் விட்டுவிடுவாரானால், அவர் எழுதுவது பாதிச் சரித்திரமேயாகும்.

இது இன்று நமக்குச் சாதாரணமான உண்மையாகத் தோன்றலாம். ஆனால் 1970களின் தொடக்கம் வரையில் நம் பல்கலைக்கழகங்களின் சரித்திரத் துறைகளில் சினிமாவுக்கு அநேகமாக இடமே இருந்ததில்லை. நாடகம் ஆடியவர்களைக் கூத்தாடிகள் என்று திண்ணையோடு நிறுத்திய பழைய மனோபாவம், சினிமா வந்த பின்பும் மறையாமல், முன்னிலும் கடுமையாக அதன்மேல் திரும்பியது. ராஜாஜியைப் போன்ற பெரியவர்கள் சினிமாவை ஒரு தீமையாகவே கருதினார்கள். வித்துவான்களும் பேராசிரியர்களுமோ அதைத் தீமை என்று கூடக் கருதாமல், கவனிப்பதற்கே தகுதியற்ற வஸ்துவாக ஒதுக்கிவிட்டார்கள். தீமை என்று கண்டித்தவர்களாவது அதன் வலிமையை ஒப்புக்கொண்டார்கள். சினிமாவுக்கு வசனம் எழுதியவர்கள் 1967இல் ராஜ்யத்தை ஆளும் பொறுப்பை ஏற்றபோது, அது எப்படி நேர்ந்தது என்று அமெரிக்காவிலிருந்து வந்த ராபர்ட் ஹார்ட்கிரேவ் போன்ற அரசியல் ஆராய்ச்சியாளர்கள் வியப்புடன் கட்டுரை எழுதினார்கள். கண்ணெதிரே நடந்ததைக் கண்ட நம்மவர்களோ, அதை ஆராய்ச்சிக்குரிய பொருளாக எடுத்துக்கொள்ளக் கூசினார்கள்.

இந்தக் கூச்சத்தைக் களைந்து, சினிமாவையும் அதற்கு முன்னிருந்த கம்பெனி நாடகத்தையும் சரித்திரத்தின் சாக்ஷிகளாகக் கூண்டில் ஏற்றி விசாரித்தவர்களுள் முதன்மையானவர் சு. தியடோர் பாஸ்கரன். அவர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் பேராசிரியர் பதவி வகித்துக்கொண்டு இக்காரியத்தைச் செய்யவில்லை என்பதை முதலிலேயே குறிப்பிட வேண்டும். 1940இல் தாராபுரத்தில் பிறந்து, சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரியில் சரித்திரம் பயின்று, சிறிது காலம் ஆவணக் காப்பகத்தில் வேலை பார்த்துவிட்டு, 1964இல் தபால் இலாகாவில் உயர் உத்தியோகஸ்தராகச் சேர்ந்த அவர், படிப்படியாக உயர்ந்து 1998இல் தமிழ்நாட்டின் சீஃப் போஸ்ட்மாஸ்டர் ஜெனரலாக ஓய்வு பெற்றார். இலாகாவின் சுமைக்கிடையே கிடைத்த அவகாசத்தில் எழுதப்பட்டவையே அவருடைய முக்கியமான நூல்கள். பறவைகளையும் காட்டு விலங்குகளையும் பற்றி அவர் எழுதியவை தனியொரு வரிசையாக நிற்கின்றன. அவற்றைப் பற்றிப் பேச இங்கே இடமில்லை. எனினும், புதருக்குள் அசையும் சிறு அசைவையும் தவறவிடாமல் பொறுத்திருந்து பார்க்கிற இயற்கை ஆர்வலரின் பழக்கமே, கட்டுக்கட்டான அரசாங்கக் கோப்புகளுக்கிடையே ஒரு நாடக நடிகரின் பெயர் தலைகாட்டும் இடத்தைக் கண்டுபிடிக்கவும் அவருக்கு உதவியிருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

அவருடைய முதற் பெருநூலாகிய ‘தி மெஸேஜ் பேரர்ஸ்’ 1981இல் சென்னையில் க்ரியா வெளியீடாக வந்தது. தென்னிந்தியாவில் 1880 முதல் 1945 வரையில் தேசிய அரசியலுக்கும் ஜனங்களின் கேளிக்கைச் சாதனங்களுக்கும் இடையே இருந்த சம்பந்தத்தை ஆராய்வது அந்நூலின் நோக்கம். தமிழ்நாட்டில் திரையும் அரசியலும் கைகோத்தது திராவிட இயக்கத்தாரின் காலத்திலேதான் என்ற எண்ணம் அப்போது படித்தவர்களிடையே வேரூன்றியிருந்தது. பெரும்பாலோர் இன்றும் அப்படியே நினைக்கிறார்கள். அந்த உறவு அதற்கு ஒரு தலைமுறை முன்பே, காங்கிரஸ் இயக்கத்தின் நிழலிலே, நாடகக் கொட்டகையில் தொடங்கிவிட்டது என்பதை ஆதாரங்களுடன் எடுத்துக்காட்டியதே பாஸ்கரன் செய்த பெரும்பணி. மேடையைக் கருவியாக்கும் வித்தையில் பின்வந்தவர்கள் முன்னிருந்தோரின் வாரிசுகளே என்பது இதனால் தெளிவாயிற்று. ஒரு கட்சியின் சாமர்த்தியமாகவோ ஒரு கட்சியின் இழுக்காகவோ பேசப்பட்டு வந்த விஷயம், இந்தச் சமூகத்தின் பொதுச் சரித்திரமாக உருமாறியது.

ஆனால் ஆதாரங்களுக்கு அவர் எங்கே போவது? சினிமாவின் சரித்திரத்தை எழுத வேண்டுமென்றால் சினிமாப் படங்களைப் பார்த்துத்தானே எழுத வேண்டும் என்று ஒருவர் கேட்கலாம். அங்கேதான் பெரும் இடி காத்திருந்தது. மோட்டார் சாமான் வியாபாரம் செய்துகொண்டிருந்த ஆர். நடராஜ முதலியார், பூனாவில் வெள்ளைக்காரப் படப்பிடிப்பாளர் ஒருவரிடம் தொழில் கற்று வந்து, சென்னையில் ‘கீசக வதம்’ என்ற மௌனப் படத்தை எடுத்து வெளியிட்டாரே, அது இன்று இல்லை. 1931 அக்டோபர் 31ஆம் நாள் சென்னை கினிமா சென்ட்ரல் கொட்டகையில் திரையிடப்பட்ட, டி.பி. ராஜலக்ஷ்மி நடித்த ‘காளிதாஸ்’ என்ற முதல் தமிழ்ப் பேசும் படமும் இல்லை. அக்காலத்துப் பிலிம் சுருள் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட்டினால் ஆனது. எரிந்து போனது பாதி, ஓடித் தேய்ந்து குப்பையில் விழுந்தது பாதி, உள்ளிருந்த வெள்ளிக்காக உருக்கப்பட்டது மிச்சம். தெற்கே எடுக்கப்பட்ட மௌனக் கதைப்படங்களுள் 1933இல் பி.வி. ராவ் இயக்கிய ‘மார்த்தாண்ட வர்மா’ எஞ்சியிருப்பதற்குக் காரணம், அதைப் பாதுகாக்க வேண்டும் என்று யாரும் நினைத்ததன்று. மூல நாவலின் உரிமை பெற்றிருந்த திருவனந்தபுரம் புத்தகக் கடைக்காரர் வழக்குத் தொடுத்ததனால், சில காட்சிகளோடு படம் நிறுத்தப்பட்டு, சுருள் அவர் வசம் போய், பல்லாண்டுகள் கடையின் கிடங்கிலே கிடந்து, 1974இல் தேசியத் திரைப்படக் காப்பகத்தின் கைக்கு வந்து சேர்ந்தது. வழக்கு வந்திராவிட்டால் அதுவும் ஓடி ஓடி அழிந்திருக்கும்.

ஆகவே, பார்க்கக் கிடைக்காத படங்களைப் பற்றிச் சரித்திரம் எழுத வேண்டிய நிலை அவருக்கு உண்டாயிற்று. இந்த நிலையில் அவர் நாடிய சாக்ஷிகளுள் இரண்டைப் பற்றி விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஒன்று போலீஸ் அறிக்கை. மற்றொன்று பாட்டுப் புத்தகம்.

நாடகங்களைத் தடை செய்யும் அதிகாரத்தை 1876ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலமாகவே பிரிட்டிஷ் சர்க்கார் தம் கையில் எடுத்துக்கொண்டனர். 1919இல் ஜாலியன்வாலா பாக் படுகொலையும் அதனைத் தொடர்ந்த ஒத்துழையாமை இயக்கமும் தமிழ்நாட்டு நாடக மேடையை உலுக்கியபோது, அச்சட்டத்தைப் பிரயோகிப்பதற்காகப் போலீஸார் கொட்டகை கொட்டகையாகச் சென்று உட்கார வேண்டியதாயிற்று. எந்த ஊரில், எந்தக் கம்பெனி, எந்த நாடகத்தை நடத்தியது, நடுவில் எந்த நடிகர் கதைக்குச் சம்பந்தமில்லாமல் எந்தப் பாட்டைப் பாடினார், ஜனங்கள் எந்த இடத்தில் ஆரவாரம் செய்தார்கள் என்பதையெல்லாம் அவர்கள் குறித்து மேலிடத்துக்கு அனுப்பினார்கள். அக்குறிப்புகளும், அவற்றின்மேல் பிறந்த அரசாணைகளும், ரகசியக் கோப்புகளும், சுதேசப் பத்திரிகைகளைப் பற்றிய வாராந்தர அறிக்கைகளும் எழும்பூர் ஆவணக் காப்பகத்தின் அலமாரிகளில் தூங்கின. அந்த நடிகர்களைப் புலவர் சமூகம் பதிவு செய்யவில்லை. பத்திரிகைகளும் பெரும்பாலும் பொருட்படுத்தவில்லை. அவர்களுடைய சொல்லுக்கு இருந்த வலிமையை உள்ளபடி அறிந்து பயந்த அந்நிய சர்க்கார் ஒன்றே எழுதி வைத்தது. அஞ்சியவன் எழுதுகிற குறிப்பில் அலட்சியம் இராது.

இக்கோப்புகளில் திரும்பத் திரும்ப வருகிற பெயர் எஸ்.எஸ். விஸ்வநாத தாஸ். அவரைப் பற்றிச் சற்று நின்று பேசாமல் மேலே செல்ல எனக்கு மனம் வரவில்லை. சிவகாசியில் 1886இல், சவரத் தொழில் செய்யும் சமூகத்தில் பிறந்தவர். கம்பீரமான சாரீரம் படைத்தவர். ஜாதியை முன்னிட்டு அவருடன் மேடையேற மறுத்தவர்களும் உண்டு. ‘வள்ளி திருமணம்’ நாடகத்தில் முருகனாக வேஷமிடுவதில் அவருக்கு நிகரில்லை என்று பெயர். தினைப்புனத்தைக் காக்கும் வள்ளி ஆலோலம் பாடிப் பறவைகளை ஓட்டும் காட்சி எல்லோருக்கும் தெரிந்ததுதான். கடலுக்கு அப்பாலிருந்து வந்து நம் நீர்நிலைகளை மேய்ந்துவிட்டுப் போகிற வெள்ளைக் கொக்குகளைப் பற்றி மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிக் கொடுத்த பாட்டு அந்தச் சந்தர்ப்பத்திலே கொட்டகையில் எழுந்தால், எந்தக் கொக்கு என்று யாரும் யாருக்கும் விளக்க வேண்டிய அவசியம் இருந்ததில்லை. முன் வரிசையில் அமர்ந்திருந்த இன்ஸ்பெக்டருக்கும் அது விளங்கிற்று. மேடையிலிருந்தே முருகன் கைது செய்யப்பட்டுச் சென்ற சம்பவங்கள் ஒன்றல்ல. பலமுறை சிறை சென்று, சொத்தும் சுகமும் இழந்து, 1940 டிசம்பர் 31ஆம் நாள் இரவு சென்னை ராயல் தியேட்டரில் முருகன் வேஷத்தோடு பாடிக்கொண்டிருக்கையிலேயே அவர் உயிர் நீத்தார். காங்கிரஸ் மகாசபையின் தீர்மானங்களைப் படிக்கத் தெரியாத குடியானவர்களிடம் சுதந்திரம் என்னும் பேச்சைக் கொண்டு சேர்த்தவர்கள் இத்தகையோர். பாஸ்கரனும் அவரைப் போன்றோரும் கோப்புகளைப் புரட்டியிராவிட்டால், இந்தத் தியாகியின் சரித்திரம் செவிவழிச் செய்தியாக மட்டும் நின்று தேய்ந்திருக்கும்.

மேடையில் நடந்ததே சிறிது காலம் கழித்துத் திரையிலும் நடந்தது. பொன்மலை ரயில்வேயில் உத்தியோகம் பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியையும் படங்களையும் வாங்கி, கூடாரத்தோடு பெஷாவர் வரை சுற்றிவிட்டு வந்து கோயம்புத்தூரில் வெரைட்டி ஹாலைக் கட்டியது முதல், சினிமா சாமானியருடைய பொழுதுபோக்காயிற்று. உயர்ந்தோரும் தாழ்ந்தோரும் ஒரே கூரையின்கீழ் ஒன்றையே பார்க்கும் இடம் அதற்குமுன் இந்நாட்டில் அரிது. இதைச் சர்க்கார் விரைவிலேயே உணர்ந்து, 1918இல் சட்டமியற்றி, 1920இல் சென்னையில் தணிக்கைக் குழுவை அமைத்து, அதன் தலைமையைப் போலீஸ் கமிஷனரிடமே ஒப்படைத்தது. 1927–28இல் சென்னை வக்கீல் டி. ரங்காச்சாரியார் தலைமையில் அமைந்த விசாரணைக் கமிட்டி, நாடெங்கும் சென்று முந்நூற்றுக்கு மேற்பட்டவர்களிடம் வாக்குமூலம் வாங்கிற்று. கொட்டகை முதலாளி, பள்ளி ஆசிரியர், பாதிரியார், போலீஸ் அதிகாரி எனப் பலரும் அளித்த அந்தப் பதில்கள் இன்று ஆராய்ச்சியாளருக்குக் கிட்டிய பெரும் புதையல். சென்னை அண்ணா சாலையில் எலெக்ட்ரிக் தியேட்டர் என்ற பெயருடன் இருந்த மிகப் பழைய சினிமாக் கொட்டகையைப் பின்னர் தபால் இலாகாவே விலைக்கு வாங்கிற்று என்பதும், அக்கட்டடம் இன்றும் தபால் நிலைய வளாகத்துக்குள் நிற்கிறது என்பதும், பாஸ்கரனுடைய உத்தியோகத்தை நினைக்கும்போது எனக்கு மிகவும் பொருத்தமாகத் தோன்றுகின்றன.

இனி, பாட்டுப் புத்தகத்தைக் கவனிப்போம். படம் ஓடும் கொட்டகை வாசலில் ஓரணாவுக்கும் இரண்டணாவுக்கும் விற்கப்பட்ட சின்னஞ்சிறு பிரசுரம் அது. மட்டமான காகிதத்தில் சில பக்கங்கள். அட்டையில் கதாநாயகியின் படம் சற்று மங்கலாக அச்சாகியிருக்கும். முதற் பக்கத்தைத் திருப்பினால் நடிக நடிகையர் பெயர்கள்: ஆண்களுக்கு ஐயர், பிள்ளை, பாகவதர் என்று ஜாதியோ பட்டமோ ஒட்டியிருக்கும், பெண்களுக்கு மிஸ் என்றோ ஸ்ரீமதி என்றோ போட்டிருக்கும். யாருக்கு எந்த அடைமொழி எந்த ஆண்டில் கிடைத்தது என்று வரிசைப்படுத்திப் பார்த்தாலே, நடிகைக்குச் சமூகம் கொடுத்த மரியாதை ஏறி இறங்கிய விதம் தெரிந்துவிடும். அப்புறம் கதைச் சுருக்கம். கதாநாயகி காட்டில் தனியே கதறுகிற கட்டம் வரையில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று முடிந்துவிடும். அதன்பின் பாட்டுகள், ஒவ்வொன்றின் தலையிலும் ராகமும் தாளமும். இந்துஸ்தானிப் பாட்டின் மெட்டைத் தழுவியிருந்தால் வர்ணமெட்டு இன்னது என்ற குறிப்பும் இருக்கும். கடைசி அட்டையில் கூந்தல் தைலத்துக்கும் கிராமபோன் தட்டுக்கும் விளம்பரம். 1934இல் வந்த ‘பவளக்கொடி’யில் ஐம்பது பாட்டுகள் இருந்ததாகச் சொல்வார்கள், ஆகவே படத்தின் பெரும்பகுதி அந்தக் காகிதத்திலேயே தங்கிவிட்டது என்றால் மிகையாகாது. படம் அழிந்துபோன ‘காளிதாஸி’ல், சம்ஸ்கிருத மகாகவியின் கதைக்கு நடுவே காந்தியடிகளின் கைராட்டையைப் போற்றும் பாட்டு ஒன்று இருந்தது என்பதை இன்று நாம் அறிவதற்கும் இத்தகைய எஞ்சிய காகிதங்களே வழி. விக்கிரமாதித்தன் சபைக்கும் ராட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று அக்காலத்து ரசிகர் கேட்கவில்லை. 1931ஆம் வருஷத்தில் ராட்டை எல்லாவற்றுக்கும் சம்பந்தமுள்ளதாக இருந்தது.

இப்படிக் கோப்பையும் காகிதத்தையும் பழைய பத்திரிகைகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, அக்காலத்து மேடையிலும் திரையிலும் உழைத்து முதுமையெய்தியிருந்தவர்களை நேரில் கண்டு பேசி, பாஸ்கரன் எழுதிய அத்தியாயங்களுள் ‘தியாகபூமி’யின் கதை மறக்க முடியாதது. 1937இல் பதவியேற்ற காங்கிரஸ் மந்திரிசபையின் காலத்தில் தணிக்கையின் பிடி தளர்ந்தது. அந்த இடைவெளியில், கல்கியின் கதையைக் கொண்டு கே. சுப்பிரமணியம் எடுத்து 1939இல் வெளியான அப்படத்தில், கதரும் ஹரிஜன சேவையும், கணவனுடைய கொடுமைக்கு அடங்க மறுக்கும் மனைவியும் ஒருங்கே இடம்பெற்றன. யுத்தம் மூண்டு மந்திரிசபை ராஜினாமாச் செய்த பின், 1940இல் கவர்னர் ஆட்சி அதைத் தடை செய்தது. தடையுத்தரவு வருகிறது என்று அறிந்ததும் சென்னை கெயிட்டி தியேட்டரில் கட்டணமின்றிப் படத்தைக் காட்டினார்கள் என்றும், திரண்ட கூட்டத்தின்மேல் தடியடி நடந்தது என்றும் சொல்லப்படுகிறது. ஆளும் அதிகாரம் ஒரு சினிமாப் படத்துக்கு அஞ்சிய இந்த நிகழ்ச்சிக்கு, நம் பாடப்புத்தகங்களில் இன்றைக்கும் உரிய இடம் கிடைக்கவில்லை.

இந்தச் சரித்திரத்தின் இழைகளுள் என் மனத்தை அதிகமாகக் கவர்வது புகழின் இழை. கீர்த்தி என்பது தனி மனிதனுடைய திறமையால் மட்டும் விளைவதன்று. எந்தச் சமூகம் எதற்காக ஏங்குகிறதோ அதை எவரிடம் காண்கிறதோ அவரையே அது உயர்த்துகிறது. கே.பி. சுந்தராம்பாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஈடற்ற பாடகராகிய கணவர் கிட்டப்பா 1933இல் இருபத்தெட்டு வயதுக்குள் மாண்டுபோக, வெள்ளுடை தரித்து மேடையைத் துறந்த அவரை, லட்ச ரூபாய் கொடுத்து ‘நந்தனார்’ படத்தில் நடிக்க அழைத்தார்கள் என்ற செய்தி அக்காலத்தில் நாட்டையே பேச வைத்தது. படத்தைக் கல்கி கேலி செய்து எழுதினார். ஜனங்களோ அந்த அம்மையாரின் குரலைத் தெய்வத்தின் குரலாகக் கேட்டார்கள். அக்குரலின் மதிப்பை அறிந்த சத்தியமூர்த்தி, அதனைக் காங்கிரஸ் மேடைகளுக்குக் கொண்டுவந்தார். பிற்காலத்தில் அந்த அம்மையார் சென்னை மேலவையிலும் அமர்ந்தார். எம்.கே. தியாகராஜ பாகவதருடைய கீர்த்தியின் கதி வேறு. அவருடைய ‘ஹரிதாஸ்’ 1944இல் வெளியாகி மூன்று தீபாவளிகளைக் கண்டது. அதே ஆண்டின் இறுதியில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் அவர் சிறைப்பட்டு, பிரிவி கவுன்சில் வரை வழக்குச் சென்று, 1947இல் விடுதலையாகி வெளியே வந்தபோது, அவரைக் கொண்டாடிய தமிழ்நாடு வேறு நாயகர்களைத் தேடத் தொடங்கிவிட்டது. சுந்தராம்பாளின் புகழ் ஓர் இயக்கத்துக்குக் கருவியாயிற்று. பாகவதரின் புகழ் எந்த இயக்கத்தையும் சாராமல் தனித்து நின்று, தனித்தே கவிழ்ந்தது. மூன்றாவது நிலையொன்று வரவிருந்தது. புகழே இயக்கமாக மாறி, ஆட்சிபீடத்தில் ஏறும் நிலை அது.

அந்த மூன்றாம் நிலையை ஆராய்ந்தவர் எம்.எஸ்.எஸ். பாண்டியன். சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய இவ்வறிஞர் 1992இல் வெளியிட்ட ‘தி இமேஜ் டிராப்’ என்னும் நூல், எம்.ஜி. ராமச்சந்திரனுடைய திரைப் பிம்பத்தையும் அவருடைய ஆட்சியையும் அருகருகே வைத்து ஒரு கடுமையான கேள்வியைக் கேட்கிறது. 1977 முதல் 1987 வரையிலான அவ்வாட்சியில், சாராய வரி உட்பட ராஜாங்கத்தின் பாரம் ஏழைகள்மீதே பெரிதும் சுமத்தப்பட்டிருக்க, அந்த ஏழைகளே அவரைத் தங்கள் ரட்சகராகக் கடைசி வரை நம்பியதன் மர்மம் என்ன? படகோட்டியாகவும் ரிக்‌ஷாக்காரனாகவும் விவசாயியாகவும் திரையில் தோன்றியவர், அடிவாங்கிப் பழகிய மனிதனைத் திருப்பி அடிப்பவனாகக் காட்டினார். மதுரை வீரன் போன்ற நாட்டுக் கதைப்பாடல்களின் வீரர்கள் ஏற்கெனவே அந்த ஜனங்களின் உள்ளத்தில் இருந்த இடத்தில் போய் அமர்ந்தார். கொட்டகையிலும் மலிவான வாழ்க்கை வரலாற்றுப் பிரசுரங்களிலும் வளர்ந்த இந்தச் சித்திரத்தைப் பாண்டியன் அக்கறையோடு பிரித்துக் காட்டுகிறார். அவர் முடிவுகளோடு முற்றும் ஒத்துப்போக என்னால் இயலவில்லை. ஏழைகள் ஏமாந்தார்கள் என்று சொல்வது எளிது. தங்களை ஒரு பொருட்டாக மதித்துத் திரையிலாவது ஒருவன் பேசினான் என்பதற்காக அவர்கள் காட்டிய நன்றியை, ஏமாற்றத்தின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது. எனினும், 2014இல் அகாலமாக மறைந்த அந்த அறிஞர் கேட்ட கேள்வி நம் அரசியலை எழுதுகிற எவரும் தாண்டிச் செல்ல முடியாத கேள்வி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து கார்த்திகேசு சிவத்தம்பி எழுதியதும், மதுரையின் ரசிகர்களோடு பழகி சாரா டிக்கி எழுதியதும், மௌனப்பட காலத்துச் சென்னையைப் பற்றி ஸ்டீபன் ஹியூஸ் எழுதியதும் சேர்ந்து, இன்று இது ஒரு தனித் துறையாகவே வளர்ந்துவிட்டது.

பாஸ்கரன் 1996இல் எழுதிய ‘தி ஐ ஆஃப் தி சர்ப்பென்ட்’ சினிமாவைப் பற்றிய சிறந்த நூலுக்கான தேசிய விருதைப் பெற்றது. தமிழில் அவர் நேரடியாக எழுதிய ‘எம் தமிழர் செய்த படம்’ முதலிய நூல்கள் பொது வாசகரையும் இத்துறைக்கு அழைத்து வந்தன. தமிழ்ப்படம் நாடகத்தின் பிடியிலிருந்து விடுபடாமல் வசனத்தையும் பாட்டையும் நம்பியே வாழ்ந்தது, காட்சியின் மூலம் பேசும் கலையை அது போதிய அளவு கற்கவில்லை, அதைக் காணும் நாமும் கண்ணால் படிக்கப் பழகவில்லை என்பது அவர் இடைவிடாமல் வற்புறுத்தி வரும் கருத்து. கலையென்ற முறையில் இது நியாயமே. ஆனால் சரித்திரமென்ற முறையில் பார்க்கும்போது, கேட்டே கல்வி பெற்ற ஒரு ஜன சமூகம், கதாகாலட்சேபத்தையும் தெருக்கூத்தையும் இரவெல்லாம் விழித்திருந்து செவியால் உண்ட சமூகம், புதிதாக வந்த கருவியிடமும் குரலையே முதலில் கேட்டது என்பதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருடைய முதல் நூல் காட்டுகிற உண்மையும் அதுதான்: விஸ்வநாத தாஸின் குரலும் சுந்தராம்பாளின் குரலும் இல்லையென்றால் அந்தச் சரித்திரமே இல்லை.

ஓய்வுபெற்ற பின் 1998 முதல் 2001 வரையில் அவர் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் இயக்குநராக இருந்தார். அந்நூலகத்தின் தோற்றத்தை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் தொழிலைச் செய்துவந்த முத்தையா செட்டியார், எவரும் பொருட்படுத்தாத நாடக நோட்டீசுகளையும் சினிமாப் பாட்டுப் புத்தகங்களையும் பழைய பத்திரிகைகளையும் பெரும் நூல்களோடு சமமாகக் கருதித் தம் வாழ்நாளெல்லாம் சேர்த்தார். 1992இல் அவர் காலமானபோது ஏறக்குறைய ஒரு லட்சம் பிரசுரங்கள் அவர் வீட்டில் இருந்தன. சிகாகோ பல்கலைக்கழகத்தார் அவற்றை வாங்கி, கடல் கடந்து கொண்டுபோகாமல், சென்னையிலேயே நூலகம் நிறுவினார்கள். அதேபோல், ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் ஒற்றை மனிதராகத் திரட்டிய புகைப்படங்களையும் படங்களைப் பற்றிய விவரங்களையும் தமிழ்நாடு அரசு 2002இல் வாங்கிற்று. சரித்திரத் துறைகள் உறங்கிய காலத்தில், பலகை எழுதியவரும் பத்திரிகைத் தொடர்பாளரும் தபால் உத்தியோகஸ்தரும் விழித்திருந்தார்கள் என்பதைத் தமிழ்ச் சமூகம் நன்றியோடு நினைக்க வேண்டும்.

இன்னும் சேராதவை ஏராளமாக இருக்கின்றன. உங்கள் பாட்டனார் வீட்டுப் பரணில், துருப்பிடித்த டிரங்குப் பெட்டியின் அடியில், நாடக நோட்டீசோ பாட்டுப் புத்தகமோ டூரிங் கொட்டகையின் வரவு செலவுக் கணக்கோ ரசிகர் மன்றத்தின் ரசீதுப் புத்தகமோ கிடக்கக்கூடும். வீட்டைக் காலி செய்யும் அவசரத்தில் அதைப் பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். தரமணியில் உள்ள ரோஜா முத்தையா நூலகத்துக்கோ உங்கள் ஊரில் பொறுப்பாகப் பாதுகாக்கும் வேறொரு நூலகத்துக்கோ கொண்டுபோய்க் கொடுங்கள். இயலாவிட்டால், அவர்களுக்கு ஒரு கடிதமாவது எழுதுங்கள்.